ஒரே வீட்டில் மூன்று கவலைகள்: எதற்கு எந்த உளவியலாளர்?

கடிதத்தின் சுருக்கம்

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஊரிலிருந்து 42 வயதுப் பெண் ஒருவர் ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் வாழ்வது பல பங்காளிகளுக்குப் பங்குள்ள பழைய பெரிய வீடு. இப்போது அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் மூவர்: அவர், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் 14 வயது மகன், 76 வயது மாமியார். கணவர் சென்னையில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறார்; மாதம் இருமுறை வந்து போகிறார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து மகனுக்குக் காலையில் வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்தும் ஒன்றும் தெரியவில்லை. வகுப்பில் அவனை எழுப்பி வாசிக்கச் சொன்னபோது மற்ற பிள்ளைகள் சிரித்ததாக ஒருநாள் சொல்லியிருக்கிறான். உறவினர் ஒருவர் சொன்னார் என்று பல ஆயிரம் ரூபாய் கட்டி, விரல்ரேகையை வைத்து மூளைத்திறனைச் சொல்லும் 'சோதனை' ஒன்றையும் எடுத்திருக்கிறார்கள். அந்த அறிக்கை, பையனுக்கு அறிவியல் படிப்பு ஒத்துவராது என்று சொல்லியிருக்கிறது. பிறகு ஒருநாள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் "நான் எதுக்கும் லாயக்கு இல்ல" என்று அவன் எழுதியிருந்ததைத் தாய் பார்த்திருக்கிறார்.

மாமியார் கவுனி அரிசி கிண்டும்போது ஒருமுறை சர்க்கரை போட்டதை மறந்து மறுபடியும் போட்டார். இடுப்பில் செருகிய சாவிக்கொத்தை வளவெல்லாம் தேடுகிறார். ஆனால் 40 ஆண்டுகளுக்கு முன் தம் வீட்டில் நடந்த ஒரு கல்யாணத்தில் யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்பதை இன்றும் வரிசையாகச் சொல்கிறார். இந்த நிலையில், வீட்டுப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அவருடைய கையெழுத்தை வாங்கிவிட வேண்டும் என்று கொழுந்தனார் அவசரப்படுத்துகிறார். கணவரோ ஊருக்கு வந்தால் முகப்பில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "எதிலும் மனசு ஒட்டவில்லை" என்கிறார்.

கணவருடைய சிற்றப்பா ஒருவர் முன்பு மனநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர் என்பதால், இது வீட்டில் ஓடும் ஒரே நோயோ என்று இவர் அஞ்சுகிறார். ஓர் உளவியலாளரிடம் மகன், மாமியார், கணவர் மூவரையும் காட்டினால் போதுமா, மாமியாரை மருத்துவரிடம் காட்டினால் 'புத்தி சுவாதீனம் இல்லாதவர்' என்று எழுதிக்கொடுத்துப் பங்கே போய்விடுமா, பிள்ளையார்பட்டிக்கு வேண்டிக்கொண்டதை முதலில் நிறைவேற்ற வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள். கடைசி வரி இது: "எனக்கு ஒன்றும் இல்லை, இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அவ்வளவுதான்."

பதில்

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

நம் பக்கத்தில் மரியாதைக்குச் சொல்லும் சொல் என்பதால் அப்படியே அழைக்கிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூவருடைய துன்பத்தையும் ஒரே பெயரில் சேர்த்துக் கட்டித் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள் என்பது இரண்டாம் முறை படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கட்டை முதலில் அவிழ்த்துவிடுவோம். பையன் வாசிக்கச் சிரமப்படுவதும், வயதானவர் அண்மைச் செய்திகளை மறப்பதும், வேலையில் ஒருவர் சோர்ந்துபோவதும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. சிற்றப்பாவுக்கு வந்த நோய்க்கும் இவற்றுக்கும் தொடர்பு இருப்பதாக நீங்கள் எழுதியதில் எந்தத் தடயமும் இல்லை. சில மனநோய்கள் குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படுவது உண்மைதான். அங்கும் மரபு தருவது ஒரு சாய்வை மட்டுமே, தலையெழுத்தை அன்று. வாசிப்புச் சிரமமும் குடும்பங்களில் தொடர்வது உண்டு, ஆனால் அது மனநோயே அன்று.

வேண்டுதலைத் தாராளமாக நிறைவேற்றுங்கள். மனத்துக்கு அது தரும் தெம்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதற்காக மருத்துவரைப் பார்க்கும் நாளைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும்.

யார் யார், எதற்கு

மனநல மருத்துவர் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். மருந்து எழுதும் தகுதி அவருக்கு உண்டு. உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. சோதித்து அறிவதும், பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை தருவதும் அவர் வேலை. 'சிகிச்சை உளவியலாளர்' என்று ஒருவர் தம்மைச் சொல்லிக்கொள்ள வேண்டுமானால், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. என்னிடம் யாராவது கேட்டால் எனக்கு மகிழ்ச்சிதான்.

உளவியலின் அடிப்படைகள் ஒன்றே. அவை செயலுக்கு வரும் களங்கள் வேறு. நிலைக்கதவில் கொடி செதுக்கும் தச்சரும் கூரைக்கு உத்தரம் ஏற்றும் தச்சரும் கையாள்வது ஒரே தேக்குதான், ஆனால் ஒருவர் வேலையை மற்றவரிடம் கொடுக்க மாட்டோம். உங்கள் மகனுடைய கேள்வி கல்வி உளவியலையும் சிகிச்சை உளவியலையும் சேர்ந்தது. மாமியாருடைய மறதி முதலில் மருத்துவரிடமும் பிறகு நினைவு போன்ற மூளைத்திறன்களை அளக்கும் நரம்பு உளவியல் சோதனைக்கும் போக வேண்டியது. கையெழுத்துப் பற்றிய கேள்வியோ சட்டமும் உளவியலும் சந்திக்கும் இடம். கணவருடையது தொழில் உளவியல் நெடுநாளாகப் பேசிவரும் பொருள். ஆகவே மூவரையும் ஒரே நாளில் ஒரே அறையில் உட்கார வைப்பதால் பயன் குறைவு. ஒவ்வொருவருக்கும் உரிய கேள்வியை முதலில் பிரித்துக்கொண்டால், யாரிடம் போவது என்பது தானாகத் தெளியும்.

மகனின் வயிற்றுவலி பொய்யன்று

உங்கள் கடிதத்திலேயே விடை கிடக்கிறது. ஞாயிறு மாலையில் முகம் வாடுகிறது. திங்கள் காலை ஏழு மணிக்கு வலி தொடங்குகிறது. பள்ளி வண்டி போனபின் பத்து மணிக்குள் நின்றுவிடுகிறது. கோடை விடுமுறையில் ஒருநாள்கூட வலி இல்லை. "வண்டி போனதும் நிற்கிறதே, அப்படியென்றால் நடிப்புத்தானே" என்று வீட்டில் பேசிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். அச்சம் வந்தால் குடலின் அசைவு மாறும், தசைகள் இறுகும், உண்மையாகவே வலிக்கும். மூளைக்கும் குடலுக்கும் நரம்பு வழியே இடையறாத தொடர்பு இருப்பதால் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலே வலி இருக்க முடியும். அச்சத்தின் காரணம் விலகியதும் வலியும் விலகுகிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. துன்பம் தரும் ஒன்று விலகுவதால் ஒரு செயல் மேலும் மேலும் நிகழ்வதை உளவியலில் எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். பலரும் இதைத் தண்டனை என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தண்டனை ஒரு செயலைக் குறைக்கும், இது கூட்டும். வலி வருகிறது, வீட்டில் இருக்கச் சொல்கிறீர்கள், அச்சம் வடிகிறது. மறுநாள் உடம்பு அதே வழியைத் தேடுகிறது. அவன் திட்டமிட்டு எதையும் செய்யவில்லை. உங்களுக்கும் இது பொருந்தும் என்பதைப் பொறுத்துக்கொண்டு கேளுங்கள்: "சரி, இன்றைக்கு இரு" என்று நீங்கள் சொன்னவுடன் அவன் அழுகை நிற்கிறது, உங்கள் நெஞ்சும் லேசாகிறது, அதனால் மறுநாளும் அதையே சொல்லத் தோன்றுகிறது. தாயும் மகனும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பினாலேயே இந்தச் சுற்றில் மாட்டிக்கொள்கிறீர்கள்.

இதற்காக அவனைத் தரதரவென்று இழுத்து வண்டியில் ஏற்ற வேண்டாம். வீட்டில் இருக்கும் நாளில் கைப்பேசியைக் கையில் கொடுத்துவிடவும் வேண்டாம். முதலில் குழந்தைகள் நல மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, உடல் காரணம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு பள்ளியோடு பேசி, படிப்படியாகத் திரும்பும் ஓர் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும்: சில நாட்கள் அவனுக்குப் பிடித்த ஆசிரியரின் இரண்டு பாடவேளை மட்டும், பிறகு மதியம் வரை, பிறகு முழுநாள். எந்தப் படியிலும் அச்சம் சற்று வடியும்வரை அங்கேயே இருந்துவிட்டுத் திரும்புவதுதான் முக்கியம். உச்சத்தில் இருக்கும்போது ஓடிவந்தால் அச்சம் இன்னும் வலுக்கும். அதோடு, எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்வது இப்போதைக்கு நிற்க வேண்டும். மாணவரை மனத்தளவில் துன்புறுத்தக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டத்தைக் காட்டி மிரட்டுவதைவிட, வகுப்பாசிரியரைத் தனியே பார்த்து நிலைமையைச் சொன்னால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். நடக்காவிட்டால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

அந்த ஒரு பக்கம்

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த நோட்டுப் பக்கத்தின் நகலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே பக்கத்தில் 'பள்ளி' என்ற சொல் மூன்று விதமாக வந்திருக்கிறது: பள்ளி, பல்லி, பழ்ளி. மூன்றாவதை எழுதி அடித்து, மறுபடியும் அதையே எழுதியிருக்கிறான். ஆங்கிலப் பத்தியில் பாதிச் சொற்களில் எழுத்துகள் இடம் மாறியிருக்கின்றன. அக்கறையில்லாத பிள்ளை அடித்துத் திருத்த மாட்டான். தாளே கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதவும் மாட்டான்.

அதே பையன் ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் போடும் பட்டறையில் போய் நிற்பதையும், அங்கே பார்த்ததை உங்களிடம் வந்து சொல்வதையும் குறையாக எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவது, அச்சை எடுத்தபின் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவுவது, அதன்மேல் கலவை போட்டு அழுத்துவது, தண்ணீரில் ஊறவைப்பது, காய்ந்தபின் கண்ணாடி தானாகக் கழன்று வருவது என்று வரிசை பிசகாமல் சொல்கிறானாமே. அதை நான் குறையாக எண்ண மாட்டேன். வரிசையை நினைவில் வைத்து, காரணத்தோடு விளக்கும் அறிவு அவனிடம் இருக்கிறது. அறிவு இருந்தும் வாசிப்பும் எழுத்தும் மட்டும் விடாப்பிடியாகத் தடைப்படுவதைத்தான் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்கிறோம். அதில் வாசிப்பைச் சார்ந்ததை டிஸ்லெக்சியா என்பார்கள். அவனுக்கு அது இருக்கிறது என்று ஒரு பக்கத்தைப் பார்த்து நான் முடிவு சொல்ல மாட்டேன். சோதித்துப் பார்க்க வேண்டிய அளவுக்குத் தடயம் இருக்கிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

உலகின் முதல் உளவியல் சிகிச்சையகம் என்று கருதப்படுவது 1896இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் தொடங்கியது. அங்கே முதலில் அழைத்துவரப்பட்டவன் 14 வயதுப் பையன். மற்றவற்றில் எல்லாம் சரியாக இருந்தும் அவனுக்கு எழுத்துக்கூட்டி எழுத வரவில்லை. அழைத்துவந்தவர் அவனுடைய ஆசிரியை. விட்மர் சோதித்தபோது அவன் பார்வையில் கோளாறு இருப்பது தெரிந்தது. கண்ணாடி கொடுத்து, பிறகு வாசிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். உங்கள் மகன் வயதில் உங்கள் மகனுக்கு உள்ளதைப் போன்ற சிரமத்தோடு வந்த ஒரு பையனிடமிருந்துதான் இந்தத் துறையே தொடங்கியது என்பதால் இதை உங்களுக்குச் சொல்லத் தோன்றியது. அதில் ஒரு நடைமுறைப் பாடமும் உண்டு. கண்ணையும் காதையும் முதலில் சோதியுங்கள்.

அதன்பின் சிகிச்சை உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனையையும், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றுக்கான தனிச் சோதனைகளையும் நடத்துவார். ஒரே அமர்வில் முடியாமலும் போகலாம். வரும் எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே முதல் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கியதே, எந்தப் பிள்ளைக்கு வகுப்பில் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டறியத்தான். பிள்ளைகளுக்கு வாழ்நாள் முத்திரை குத்துவது அவர் நோக்கமாக இருக்கவில்லை.

விரல்ரேகை அறிக்கையைப் பற்றி

அந்த 40 பக்க அறிக்கையை மடித்து ஓரமாக வைத்துவிடுங்கள். ஒரு சோதனைக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். எத்தனை முறை அளந்தாலும் ஒரே விடை வருவது நம்பகத்தன்மை. எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதையே அளப்பது ஏற்புடைமை. தாயின் வயிற்றில் ஆறாம் மாதத்துக்குள் உருவாகிவிடும் விரல்ரேகை பிறகு மாறுவதில்லை; ஆகவே எத்தனை முறை எடுத்தாலும் ஒரே ரேகைதான் வரும். அதனாலேயே பார்ப்பவர்களுக்கு அது அறிவியல் போலத் தோன்றுகிறது. ஆனால் ரேகைக்கும் படிப்புத் திறனுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு ஏற்கத்தக்க ஆதாரம் இல்லை. அதாவது இரண்டாவது தகுதி அதற்கு இல்லை. அறிவியல் படிக்கலாமா வேண்டாமா என்பதை அந்தத் தாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவன் அதைப் படித்திருந்தால், அது தவறு என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.

"நான் எதுக்கும் லாயக்கு இல்ல"

1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நடத்திய ஆய்வில், என்ன செய்தாலும் மின்னதிர்ச்சியைத் தவிர்க்க முடியாத நிலையில் வைக்கப்பட்ட நாய்கள், பிறகு தப்பிக்க வழி இருந்தும் முயலாமல் படுத்துவிட்டன. கற்றறிந்த இயலாமை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒன்பது ஆண்டுகளாக எவ்வளவு முயன்றாலும் சிவப்பு மையே திரும்பி வரும் பிள்ளையிடமும் இதன் சாயலைக் காணலாம். ஏறக்குறைய 50 ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் கருத்தைத் திருத்திக்கொண்டார்கள். நெடுநேரத் துன்பத்தில் சோர்ந்து கிடப்பது உயிரின் இயல்பான எதிர்வினை. நிலைமை நம் கையில் இருக்கிறது என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது என்றார்கள். உங்கள் மகன் அதைக் கற்றுக்கொண்டிருக்கும் ஒரே இடம் அந்தப் பூக்கல் பட்டறை. தயவுசெய்து அங்கே போவதைத் தடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த வரியை எழுதியபோது என்ன நினைத்தாய் என்று அவனிடம் தனியாக, அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில் கேளுங்கள். "உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியதா" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது; அது சரியன்று. யாராவது கேட்டார்களே என்ற ஆறுதல்தான் பெரும்பாலும் கிடைக்கும். 'ஆம்' என்றால் திட்டாதீர்கள், அழுது அவனைப் பயமுறுத்தாதீர்கள், தனியே விடாதீர்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவானாலும் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். அரசு நடத்துவது, கட்டணம் இல்லை.

சோதனையில் கற்றல் குறைபாடு உறுதியானால் அவனுக்கு உரிமைகள் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் இதுவும் ஒன்று. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். அதற்கு அரசு மருத்துவக் குழுவின் சான்று தேவைப்படும். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு. ஆகவே இப்போதே தொடங்குவது நல்லது. 'மாற்றுத்திறனாளி என்று எழுதிவிட்டால் நாளைக்குப் பெண் கொடுப்பார்களா' என்று உங்களுக்குத் தோன்றலாம். பத்து ஆண்டுகள் கழித்து வரக்கூடிய ஒரு பேச்சுக்காக, இன்று அவனுக்குக் கிடைக்க வேண்டிய ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மாமியாரின் மறதியும் கையெழுத்தும்

40 ஆண்டுப் பழைய மொய்க்கணக்கு நினைவிருப்பதால் அவருக்கு மறதி இல்லை என்று கொழுந்தனார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். மறதிநோயில் முதலில் தேய்வது பெரும்பாலும் அண்மை நினைவு. பழையது நெடுநாள் நிற்கும். ஆகவே மொய்க்கணக்கு எதையும் நிரூபிக்காது. அதே சமயம், இரண்டு முறை சர்க்கரை போட்டதாலேயே அது மறதிநோய் என்றும் ஆகிவிடாது. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள், காது மந்தம், சிறுநீர்த் தொற்று ஆகியவையும் இப்படித் தடுமாற வைக்கும். இவற்றில் பல சரிசெய்யக் கூடியவை. இதனால்தான் மருத்துவரிடம் காட்டப் பயப்படுவது ஆபத்து என்கிறேன். குணமாகக் கூடியதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். அங்கே நடக்கும் 30 மதிப்பெண் நினைவுச் சோதனையில் குறைவாக வந்தால் பதறவும் வேண்டாம். பள்ளிப் படிப்பு குறைந்தவர்களுக்கு அதில் மதிப்பெண் குறைவது வழக்கம் என்பதால் மருத்துவர் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்.

உங்கள் பெரிய அச்சத்துக்கு வருகிறேன். மனநோய் இருப்பதாக மருத்துவர் சொன்னதாலேயே ஒருவர் சட்டப்படி புத்தி சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். தகுதியுள்ள நீதிமன்றம் அப்படி அறிவித்தால்தான் உண்டு என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. உளவியலும் இதையேதான் சொல்கிறது. திறன் என்பது முழுதாக இருப்பதோ முழுதாக இல்லாமல் போவதோ அன்று. எந்தக் காரியத்துக்கு, எந்த நேரத்தில் என்று தனித்தனியே பார்க்க வேண்டியது. காய்கறிக்காரரிடம் கணக்குப் பார்த்துச் சில்லறை வாங்கும் திறன் இருக்கும் ஒருவருக்கு, பங்கை விட்டுக்கொடுப்பதன் விளைவை எடைபோடும் திறன் அன்றைக்கு இல்லாமல் இருக்கலாம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும், கையெழுத்திடும் அந்த நேரத்தில் அதைப் புரிந்துகொண்டு தம் நலனுக்கு அது என்ன செய்யும் என்று அறிவோடு முடிவெடுக்க முடிந்ததா என்றே கேட்கிறது. முதுமையாலோ நோயாலோ மனத்திறன் குன்றிய ஒருவரிடம், தம் மேலாதிக்கத்தைப் பயன்படுத்தி வாங்கும் ஒப்புதலை முறையற்ற செல்வாக்கு என்று கேள்வி கேட்கவும் அதில் இடம் உண்டு.

ஆகவே மருத்துவரிடம் காட்டுவது உங்களுக்கு எதிரான ஆவணம் ஆகாது. மாமியாருக்கு அது பாதுகாப்பு. திறன் இருக்கிறது என்று தெரிந்தால், அவர் விரும்பியதைச் செய்யட்டும். கொழுந்தனாருக்குக் கொடுக்க அவர் மனமார நினைத்தால் அதைத் தடுக்க உங்களுக்கும் உரிமை இல்லை என்பதை நான் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. திறன் ஐயத்துக்குரியது என்றால் பதிவை ஒத்திவைக்கக் கேளுங்கள். எதற்கும் சொத்து வழக்குகளில் பழகிய வழக்கறிஞர் ஒருவரிடம் பத்திர நகலைக் காட்டுங்கள். இந்தப் பகுதியில் என் சொல் போதாது. மருத்துவரிடம் போகும்போது "உங்களுக்கு மறதி" என்று அழைத்துப் போகாமல், "ரத்த அழுத்தம் பார்த்துவரலாம், நினைவையும் கேட்பார்கள்" என்று உள்ளதைச் சொல்லி அவர் சம்மதத்தோடு அழைத்துச் செல்லுங்கள். சாவிக்கொத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். முற்றத்துத் தூணில் ஓர் ஆணி அடித்து, தினமும் அங்கேயே மாட்டும் பழக்கத்துக்கு விடுங்கள்; நினைவு தடுமாறும்போது இடம் கைகொடுக்கும்.

கணவர்

நேரில் பேசாமல் அதிகம் சொல்ல முடியாது. உடலும் மனமும் வற்றிப்போதல், வேலையின்மேல் விலகலும் கசப்பும், நம்மால் எதுவும் ஆகவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்ததைப் பணிச்சோர்வு என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் இதை நோயாக வகைப்படுத்தவில்லை. வேலைச் சூழல் சார்ந்த நிலை என்றே குறித்திருக்கிறது. அவரைப் 'பலவீனமானவர்' என்று எண்ணாதிருக்க இது உதவும். பொறுப்பு மிகுதியாகவும் முடிவெடுக்கும் அதிகாரம் குறைவாகவும் உள்ள வேலைகளில் இது அதிகம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும், முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தூக்கமும் பசியும் மாறியிருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்போது மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதை அவரிடம் மகனுடைய விஷயமாகப் பேசத் தொடங்கிச் சொல்லுங்கள். அப்பச்சியும், அதாவது அப்பாவும், வந்து உட்கார வேண்டும் என்று உளவியலாளர் கேட்டார் என்றால் வருவார். அது உண்மையும்கூட.

உங்கள் கடைசி வரி

"எனக்கு ஒன்றும் இல்லை" என்று எழுதிய அதே வரியில் இரவு இரண்டு மணியும் இருக்கிறது. மூவரையும் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்குத் தூக்கம் கலைவது பெரிய அதிசயமன்று. ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காமல் விடவும் முடியாது. விழிப்பு வந்தால் படுக்கையிலேயே புரளாமல் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள்; கடிகாரம் பார்க்காதீர்கள்; தூக்கம் வரும்போது மட்டும் திரும்பிப் படுங்கள்; எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள். படுக்கை என்றால் கவலை என்று மனம் இணைத்து வைத்திருப்பதைப் பிரிக்கும் வழி இது. சில வாரங்களில் மாறாவிட்டால் உங்களுக்காகவே ஒரு நாள் வாருங்கள். நீங்கள் சொல்வதைத் தீர்ப்புச் சொல்லாமல் கேட்பதும் எங்கள் சிகிச்சையில் ஒரு பகுதிதான். அங்கே பேசியதை உங்கள் அனுமதி இல்லாமல் குடும்பத்தாரிடம் சொல்லக் கூடாது என்பது சட்டம்; உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழ்நிலைகள் மட்டுமே அதற்கு விலக்கு.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்ட மனநலத் திட்டத்திலும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். மகனுக்கான சான்றுக்கும் அங்கேயே வழி கேட்டுக்கொள்ளலாம். முதலில் மகனைப் பாருங்கள், அடுத்து மாமியாரை, பத்திரப் பதிவு நாளுக்கு முன்பே. போகும்போது அந்த நோட்டுப் பக்கத்தின் நகலை விட்டுவிட்டு, அசலையே எடுத்துச் செல்லுங்கள். அவன் அடித்து எழுதியதை யாரும் திருத்திவைக்க வேண்டாம்.